தண்ணீர் மறுத்த கேப்டன்

அப்துல் காதருக்குத் துறைமுகத்தில் தொங்கான் வேலை. கரைக்கு வர முடியாமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கொண்டுவருகிற பெரிய படகுக்குப் பினாங்கில் அதுதான் பெயர். விடியுமுன் படகேறினால் பொழுது சாய்கிற நேரத்தில்தான் கால் தரையில் படும். பட்ட கால் வீட்டுக்குப் போகாது, நேரே பாடாங்குக்குத்தான் போகும். கோட்டையை ஒட்டி, கடலைப் பார்த்துக் கிடக்கும் அந்தப் புல்வெளியில் இளம்பிறைக் கிளப்புப் பையன்கள் பந்தோடு காத்திருப்பார்கள். காதர் அவர்களுடைய சென்டர் ஹாஃப். கேப்டனும் அவனே. குட்டையான ஆள். மூட்டை சுமந்து சுமந்து தோள் மட்டும் பலகை மாதிரி விரிந்திருக்கும். பந்து வேண்டுமானால் அவனைத் தாண்டிப் போகும், ஆள் போக முடியாது என்று எதிரணியில் சொல்வார்கள்.

பையன்கள் அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார்கள், அவன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் அவன் போட்டிருந்த ஒரு கட்டளையை மட்டும் அவர்களால் சகிக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, உடம்பு முழுக்க ஆறும்வரை, ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் கடலோரத் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார வைப்பான். ஒரு கெட்டில் தண்ணீர் கைமாறி வரும். வாய் கொப்பளிக்க மட்டும்தான். காதர் ஒவ்வொருவன் முன்னாலும் வந்து நிற்பான். "துப்பு. வாயத் தொற, பார்ப்போம்" என்பான். தொண்டை அசைந்தால் போச்சு, அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு இடமில்லை. வியர்வை அடங்கி, குளித்து, அந்தி மஃரிப் தொழுது முடித்த பிறகு வெதுவெதுப்பாக அரை டம்ளர் தேத்தண்ணி. சோறு அதற்கும் அப்புறம். எதிரணிக்காரர்கள் கண்ணெதிரில் இளநீர் வெட்டிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் உதட்டை நக்கிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். காதரும் குடிக்க மாட்டான். அதனால்தான் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் திடீரென்று எல்லோருக்கும் தொழுகையில் ஆர்வம் வந்துவிட்டது. பள்ளிவாசல் தொட்டியில் தொழுகைக்கு முன் வாய், முகம், கை கால் கழுவி உளூ செய்யக் குந்துகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். வாய் கழுவுவதற்கு மட்டும் அத்தனை நேரம் எடுத்தது. அணியில் இருந்த ஒரே இந்து பிச்சைமுத்து. அவன் முனிசிபல் மாட்டுக் கொட்டிலில் வேலை பார்த்தான். அவனுக்கு அந்த வழியும் இல்லை. "நானும் வரட்டுமாடா?" என்று வாசலில் நின்று கேட்பான். தன் பையன்களுக்கு இத்தனை பக்தி வந்திருக்கிறதே என்று காதர் வீட்டில் பெருமையாகச் சொன்னான். அவன் மனைவி ஹாஜரா மீனைக் கழுவிக்கொண்டே தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். அவளுடைய தம்பி முகம்மது கனியும் அந்த அணியில்தான் இருந்தான்.

காதர் கொடுமைக்காரன் இல்லை. அவனுக்கு ஷேக் அலாவுதீன் என்று ஒரு தம்பி இருந்தான். 1924-இல் அவனுக்கு வயது பத்தொன்பது. காற்றைப் போல ஓடுவான். டத்தோ கிராமாட் திடலில் ஒரு சின்னப் போட்டியின் கடைசி ஆட்டம். வெயில் நெருப்பாகக் கொட்டியது. ஆட்டம் முடியப் போகிற தறுவாயில் அலாவுதீன் அடித்த கோலில் கிளப்பு ஜெயித்தது. பையன் முகம் செப்புப் பாத்திரம் மாதிரி சிவந்து கிடந்தது. சந்தோஷம் தாளாமல் காதர் திடலோரத்துக் கடையில் ஒரு பெரிய கிளாஸ் ஆயர் பத்து வாங்கினான். ரோஜா சர்பத்தில் ஐஸைத் தட்டிப் போட்டது. "குடிடா, ராஜா" என்று தானே கையில் கொடுத்தான். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று என்றான் தம்பி. அதையும் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு நடந்துவரும் வழியில் சூலியா தெரு முனையில் அலாவுதீனுக்கு நடுக்கம் எடுத்தது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. சம்பந்தமில்லாமல் பேசினான். மறுநாள் பிற்பகல் அஸர் பாங்கு சொல்கிற நேரத்தில் அவன் இல்லை.

மய்யித்தை எடுத்து அடக்கம் செய்ய வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "கொதிக்கிற உடம்புல ஐஸை ஊத்தினா என்ன ஆகும்? உள்ளுக்குள்ள எல்லாம் வெடிச்சுப் போயிருக்கும்." அவர்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கிளாஸை வாங்கிக் கொடுத்தது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. காதருக்குத் தெரியும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஹாஜராவிடம்கூட.

அடுத்த வருஷம் கேப்டன் ஆனான். முதல் நாளே அந்தக் கட்டளையைப் போட்டான்.

சில வருஷங்கள் ஓடின. கிளப்பு முதல் ஆட்டங்களில் நன்றாகவே ஆடியது. ஆனால் ஒரு ஆட்டம் முடிந்து ஓரிரு நாளில் இன்னொன்று வந்தால் பையன்களின் கால் நகராது. பாதி ஆட்டத்தில் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுவான். அப்புறம் இன்னொருவன். காதர் இதைக் கண் திருஷ்டி என்றும் நினைத்தான், சோம்பல் என்றும் நினைத்தான். இன்னும் அதிகமாக ஓடவிட்டான். நல்லெண்ணெய் வாங்கித் தானே கால் தேய்த்துவிட்டான். நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள்.

1930-இல் மழை தள்ளிப்போன ஒரு மாதத்தில் கோப்பைக்கான முதல் சுற்று வந்தது. ஜெலுத்தோங் அணியோடு ஆட்டம். இரு பக்கமும் ஒரு கோல். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. மறு ஆட்டம் வைக்க வேண்டும் என்று விசில் ஊதியாயிற்று. பையன்கள் சுவர்ப்பக்கம் தள்ளாடி நடந்தார்கள். லெஃப்ட் விங்கில் ஓடிய கனி பாதி வழியில் உட்கார்ந்தான். வலது கால் முறுக்கிக்கொண்டது. பிறகு இடது கால். பிறகு வயிறு. பதினேழு வயசுப் பையன் புல்லில் சுருண்டு, மாடு கத்துவது போலக் கத்தினான்.

கோட்டோரம் கொடி பிடித்து நின்ற கார்த்திகேசு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். யாழ்ப்பாணத்துக்காரர். சனிக்கிழமைகளில் கொடி பிடிக்க வருவார். கனியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது. "நிழலுக்குத் தூக்குங்கோ. ஆரிட்டயாவது உப்பு வேண்டிக்கொண்டு வாங்கோ. தண்ணி எங்க?"

பிச்சைமுத்து கெட்டிலையும் ஒரு குவளையையும் கொண்டு ஓடிவந்தான். கார்த்திகேசு குவளையைக் கனியின் வாயருகே கொண்டுபோனார். காதரின் கை குறுக்கே வந்தது. குவளை தெறித்துப் புல்லில் உருண்டது.

"குடுக்காதீங்க டிரஸ்ஸர்! செத்துப் போவான்!"

"குடுக்காட்டித்தான் கஷ்டம். கப்பல்ல அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுற ஆக்களை இப்பிடித்தான் சுருண்டபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவினம். வேர்வையோட தண்ணியும் போயிட்டுது, உப்பும் போயிட்டுது. ரெண்டையும் திருப்பிக் குடுக்க வேணும்."

"என் தம்பி இதே மாதிரி..." என்றான் காதர்.

கார்த்திகேசு நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் தணிந்தது. "உம்மட தம்பி செத்தது எனக்குத் தெரியும், காதர். ஏன் செத்தாரெண்டு தெரியாது. நான் பார்க்கேல்ல. ஆனா இந்தப் பொடியனுக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும். தள்ளி நில்லும்."

காதர் சுவர்ப்பக்கம் தள்ளி நின்றான். கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் பையன் தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மடக்குக்கும் அவன் கை சுவரை இறுக்கியது. கனி ஒருமுறை வாந்தி எடுத்தான். "பரவாயில்ல, கொஞ்சம் கொஞ்சமா" என்றார் கார்த்திகேசு. யாரோ காலைப் பிடித்து நீட்டிவிட்டார்கள். கத்தல் முனகலானது. முனகலும் நின்றது. சத்தமே வராமல் போனபோதுதான் காதருக்கு உயிர் போய்விட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நானா," என்று கனியின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் குடிக்கலாமா?"

ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஹாஜரா தம்பியைப் பாயில் படுக்க வைத்து, என்ன நடந்தது என்று பிச்சைமுத்துவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மற்றவர்கள் போன பிறகு அடுப்படிக்குக் காதரைக் கூப்பிட்டாள். அவள் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை. அன்றும் அவள் கத்தவில்லை.

"மச்சான், குவளையைத் தட்டி விட்டீங்களாமே?"

"உனக்குத் தெரியாது ஹாஜரா. அலாவுதீன்..."

"எனக்குத்தான் தெரியும்" என்றாள். "அலாவுதீன் தம்பி ஆடின அன்னைக்குக் காலையிலேயே அவருக்குக் காய்ச்சல். முந்தின நாளும் இருந்துச்சு. மேல் எல்லாம் சுட்டுச்சு. நான் மிளகுக் கசாயம் வெச்சுக் குடுத்தேன். 'நானாகிட்டச் சொல்லாதீங்க மச்சி, சொன்னா ஆட விடமாட்டாரு'ன்னு கையைப் புடிச்சுக் கெஞ்சினாரு. நானும் சின்னப் புள்ளதானே அப்ப. சொல்லல."

காதர் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அப்புறம் எல்லாரும் ஐஸ் தண்ணி, ஐஸ் தண்ணின்னாங்க. நான் வாயைத் தொறந்தா என்னைத்தானே கேப்பீங்க, ஏண்டி காய்ச்சக்காரனை வெயில்ல அனுப்பினேன்னு. பயந்துட்டேன். இத்தனை வருஷமா நீங்க அந்தப் புள்ளைங்களைத் தண்ணியில்லாம வாட்டுறப்பல்லாம் சொல்லணும் சொல்லணும்னு வந்து, தொண்டையில நின்னுரும்."

"அந்த ஐஸ் தண்ணி," என்றான் காதர், "நான்தான் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு கிளாஸ்."

ஹாஜரா அவனையே பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாத செய்தி. பானையில் ஏதோ பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் இறக்கி வைத்தாள். காதர் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பல நாள் அப்படியே போயிற்று. காதர் அவளிடம் கோபமாக இருந்தான். அவள் சொல்லியிருந்தால் தம்பியை வீட்டிலேயே படுக்க வைத்திருப்பான். பிறகு தன்மேலேயே கோபம் திரும்பும். காய்ச்சல் உடம்பை ஒரே வீட்டிலிருந்துகொண்டு தான் ஏன் தொட்டுப் பார்க்கவில்லை? தொங்கானில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தான். படகுத் தலைவனான தண்டல் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காதில் விழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, ஆஸ்பத்திரி வாசலில் கார்த்திகேசுவுக்காகக் காத்து நின்றான். வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னான். காய்ச்சல், வெயில், ஐஸ் தண்ணி எல்லாம். "எதுனால செத்தான் டிரஸ்ஸர்?"

கார்த்திகேசு அவனை வாசல் படியில் உட்கார வைத்தார். "மலேரியாவா இருந்திருக்கலாம். காய்ச்சலோட வெயில்ல ஓடினா உடம்புச் சூடு தலைக்கேறும். ஐஸ் தண்ணி ஆளைக் கொல்லுமெண்டு நான் நினைக்கேல்ல. ஆனா சத்தியமாச் சொல்ல ஏலாது. ஒருத்தராலயும் இப்ப சொல்ல ஏலாது."

காதர் எதிர்பார்த்தது அந்தப் பதில் இல்லை. ஆம் என்றோ இல்லை என்றோ யாராவது சொன்னால் போதும் என்றுதான் வந்திருந்தான். ஆனாலும் அந்த மனுஷன் தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் அவனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. "சரி. இருக்கிற பையன்களுக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். உப்புப் போட்ட தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. மூச்சு அடங்கினதும் வயிற்றுக்கு லேசாக ஏதாவது. அப்புறம் நல்ல தூக்கம். காய்ச்சல் உள்ளவனை ஆட விடாதே. இவ்வளவுதான் கார்த்திகேசு சொன்னார். லேசாக என்றால் என்ன என்பதை வீட்டில் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று, "ஹாஜரா, ஓடிக் களைச்சு வர்றவனுக்கு என்ன குடுத்தா வயித்துல தங்கும்?" என்றான். அது சமாதானப் பேச்சு என்று அவளுக்குப் புரிந்தது. உடனே முகம் கொடுத்துவிடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவள் யோசித்து முடிப்பதற்குள் கிளப்புத் தலைவர் முந்திக்கொண்டார். லவங்க வியாபாரி, தாராள மனசு. பையன்களுக்குச் சத்துப் போதவில்லை என்று கேள்விப்பட்டு, பயிற்சி முடிந்த ஒரு சாயங்காலம் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் பெரிய தேக்சாப் பாத்திரத்தோடு அனுப்பிவைத்தார். பையன்கள் பாய்ந்து சாப்பிட்டார்கள். காதரும் சந்தோஷப்பட்டான். பிச்சைமுத்து மூன்று தரம் வாங்கிக்கொண்டு, மாட்டுக் கொட்டிலுக்குப் போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தான். மறுநாள் திடலில் எல்லோரும் பாரம் ஏற்றின தொங்கான் மாதிரி நகர்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹாஜரா கஞ்சி வைத்தாள். நோன்பு மாதத்தில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றுக்கு எது இதமோ, அது இதற்கும் இதமாகத்தானே இருக்கும் என்பது அவள் கணக்கு. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் வெந்தயம். முதல் நாள் நோன்புக் கஞ்சிக்கு விடுகிற மாதிரியே கெட்டித் தேங்காய்ப்பால் விட்டாள். கனிக்கு நெஞ்சைக் கரித்தது. அடுத்த நாள் பாலைக் குறைத்து உப்பைக் கூட்டினாள். உப்பு கரித்தது. அதற்கடுத்த நாள் சரியாக வந்தது. கறி போடவில்லை, எலும்பும் போடவில்லை. பிச்சைமுத்து வெள்ளி, செவ்வாய்களில் கவிச்சி தொடமாட்டான். ஆளுக்கொரு சட்டி வைக்க அவளால் ஆகாது.

பல வாரம் தள்ளி வந்த மறு ஆட்டத்தன்று காதர் தொங்கானிலிருந்து இறங்கி முதலில் வீட்டுக்குப் போனான். மூடி போட்ட பெரிய தூக்குச் சட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாடாங்குக்கு நடந்தான். பின்னால் கனி ஒரு சீப்பு வாழைப்பழமும், எலுமிச்சம்பழமும் உப்பும் போட்ட ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்தான். கடை விரிக்கிறான் என்று ஜெலுத்தோங் ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். "காதர் கெடாய் போடுறான் லா!"

அந்த ஆட்டமும் சமனில்தான் முடிந்தது. திடல் வேறு நாளில் கிடைக்காது, நாளைக்கே மூன்றாவது ஆட்டம் என்று சொல்லிவிட்டார்கள். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த நாள் ஆடி அவர்கள் ஜெயித்ததே இல்லை.

காதர் அவர்களைச் சுவரில் உட்கார வைத்தான். கையில் குவளை. வாளியில் மொண்டு முதல் ஆளிடம் நீட்டியவன், குவளையைக் கையிலிருந்து விடவில்லை. பையன்கள் அதைப் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. "மடமடன்னு குடிக்காத. ஒரு மடக்கு, ஒரு மூச்சு" என்றான். ஒவ்வொருவனும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மிச்சமிருந்ததைத் தானும் குடித்தான். ஆட்டம் முடிந்ததும் அவன் தண்ணீர் குடித்தது அலாவுதீன் போன பிறகு அதுதான் முதல் தடவை. பிறகு கஞ்சி ஊற்றினான்.

"அண்ணே, முன்னயெல்லாம் தண்ணி குடிச்சிட்டோமான்னு வாயத் தொறந்து பார்ப்பீங்க," என்றான் பிச்சைமுத்து. "இப்ப குடிக்காம விட்டுட்டோமான்னு குவளையப் பார்க்குறீங்க."

"பேசாமக் குடிடா. அப்புறம் கேட்டுக்க, ராத்திரி எவனும் பங்சாவான் நாடகம் பார்க்கப் போகக் கூடாது. வீட்டுக்குப் போய் மீனும் முட்டையும் சோறும் தின்னுட்டுப் படுக்கணும். எவனுக்காவது காய்ச்சல் இருந்தா காலையில எங்கிட்ட வந்து சொல்லணும். சொன்னதுக்காக யாரையும் அணியை விட்டுத் தூக்க மாட்டேன். சொல்லாம ஆடினாத்தான் தூக்குவேன்."

மறுநாள் காலையில் ஒருவன் வந்து சொன்னான். கோல்காப்பாளன். காதர் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினான். வேறு ஆளை நிறுத்தி ஆடினார்கள். பையன்களின் கால் முந்தின நாள் போல அத்தனை லேசாக இல்லைதான். ஆனால் யாரும் விழவில்லை. பின்பாதியில் விழுந்தவர்கள் ஜெலுத்தோங் ஆட்கள். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது காதர் வாளியோடு ஓடினான். கனி அடித்த ஒரு கோலில் இளம்பிறை ஜெயித்தது.

அடுத்த சுற்றில் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். கஞ்சி கோல் அடிக்காது என்று ஹாஜரா சொன்னாள். அவள் அவனிடம் கேலி பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று சாப்பாட்டுக்கு நடுவே, அலாவுதீன் சின்ன வயதில் கெட்டில் மூடியை உதைத்து உதைத்துக் கால் நகத்தைப் பெயர்த்துக்கொண்டதைக் காதர் சொன்னான். அவளும் ஒன்று சொன்னாள். அந்த வீட்டில் அந்தப் பெயர் அதுவரை தண்ணீரோடு சேர்ந்துதான் வந்திருந்தது. யார் குற்றம் என்று அவர்கள் தீர்த்துக்கொள்ளவில்லை. எப்போதாவது சின்னச் சண்டையில் அது தலை தூக்கும், பிறகு அடங்கிவிடும்.

இரண்டு மூன்று வருஷத்தில் மற்றக் கிளப்புக்காரர்களும் ஏதாவது ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சிலர் பச்சைப்பயற்றுக் கஞ்சி, சிலர் வெறும் சோறு வடித்த நீரில் உப்பு. காதரைப் பையன்கள் முகத்துக்கு நேரே நானா என்றும், பின்னால் கஞ்சி கேப்டன் என்றும் சொன்னார்கள். அவனுக்கு அது தெரியும்.

1933-இல் கப்பலிலிருந்து நழுவிய ஒரு தகரப் பாளம் அவன் இடது பாதத்தில் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் ஓட முடியவில்லை. தொங்கான் வேலையும் போயிற்று. ஒரு கிடங்கில் காவலுக்குச் சேர்ந்து, குடும்பத்தை ஜெலுத்தோங்குக்கு மாற்றினான். அங்கே அவனை எதிர்த்து ஆடியவர்களே வீடு பார்த்துக் கொடுத்தார்கள். கனி கல்யாணம் செய்துகொண்டு நிபோங் திபாலில் மாமனாரின் மளிகைக் கடையைப் பார்க்கப் போனான். இளம்பிறைக் கிளப்பு இரண்டாகப் பிரிந்து, பிரிந்த இரண்டும் நாளடைவில் இல்லாமல் போயின. காதர் அதற்காகப் பெரிதாக வருத்தப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் நொண்டியபடி, ஹாஜராவோடு பாசாருக்கு நடந்துபோவான். அவள் மீன் பொறுக்குவாள், அவன் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருப்பான்.